திறவாத கோப்புறையும் பதறாத கையும்



நம் பாட்டிமார் காலத்தில் லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சேமநிதித் தாள், ஊரிலிருந்து வந்த கடிதம், மறைந்தவர்களின் ஒரே நிழற்படம் ஆகிய அனைத்தும் அப்பெட்டிக்குள்ளேயே இருந்தன. வெள்ளம் வந்தாலும் நெருப்புப் பிடித்தாலும் வீட்டார் முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய பொருள் அதுவே. இன்று பல வீடுகளில் அப்பெட்டியின் வேலையில் பெரும்பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. பிள்ளைகளின் தேர்வுச் சான்றிதழ்கள், விண்ணப்பப் பாரங்கள், குடும்பப் படங்கள் யாவும் கணினியின் கோப்புறைகளில் சேர்த்து வைக்கப்படுகின்றன.

தகரப் பெட்டியின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், சற்று எண்ணெய் விட்டுப் பார்ப்போம். வேறு சாவி போட்டுப் பார்ப்போம். பெட்டியை நெருப்பிலிட எவரும் எண்ணுவதில்லை. ஆயின் கணினியில் ஒரு கோப்புறை திறக்கவில்லை என்றவுடன் பலர் பதறிவிடுகின்றனர். கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தி, உள்ளே பத்திரமாக இருந்ததைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர். அவ்வாறு நேராமல் காத்துக்கொள்ளும் வழியை விளக்குவதே இம்மாதப் பாடத்தின் நோக்கமாகும்.

ஒரு தாயாரின் வீட்டில்

சில காலத்திற்கு முன்னர், ஒரு தோட்டத்தில் நடைபெற்ற விளக்கக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு தாயார் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய கணவர் காலமாகி ஓராண்டு கடந்திருந்தது. அவர் பயன்படுத்திய பழைய கணினி இயங்காமற்போகவே, பட்டணத்துக் கடையொன்றில் புதிய வட்டு பொருத்தி, விண்டோஸையும் புதிதாக நிறுவித் தந்திருந்தனர். பழைய வட்டும் கணினிக்குள் இரண்டாவது வட்டாக விடப்பட்டிருந்தது. அதில் கணவரின் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அதைத் திறக்க முயன்றால், தங்களுக்கு அனுமதி இல்லை என்னும் அறிவிப்பே திரையில் தோன்றியது.

கல்லூரியில் சேர இருந்த மகளின் சான்றிதழ்ப் பிரதிகள் அதற்குள் இருந்தன. கடைக்காரரைக் கேட்டபோது, "கொண்டு வாங்க, ஃபார்மேட் பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்று கூறினாராம்.

"சான்றிதழ் போனா பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கிக்கலாம் சார். அவரு பாடுனது ஒண்ணு அதுக்குள்ள இருக்கு. அது போனா யாருகிட்ட போய்க் கேக்கிறது?" என்றார் அத்தாயார்.

"பதற வேண்டாம், அம்மா. முதலில் பார்ப்போம்" என்றோம் நாம்.

இக்கேள்வி நம் பாடத்தின் உயிர்நாடி எனலாம். பத்திரத்திற்கு மறுபிரதி கிடைக்கலாம். ஒருவருடைய குரலுக்கு மறுபிரதி தருகின்ற அலுவலகம் உலகில் எங்கும் இல்லை. அந்தக் கோப்புறை என்னவாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், கோப்புறை என்பது யாது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கோப்புறை என்றால் என்ன?

கணினியில் உள்ள ஒவ்வோர் எழுத்தாவணமும் ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு. பல கோப்புகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்துக் காட்டுவது கோப்புறை. இதனையே ஃபோல்டர் என்று வழக்கில் கூறுகிறோம். திரையில் அது மஞ்சள் நிற உறையைப்போலத் தோற்றமளிப்பதால், கோப்புகள் அதற்குள் அடைபட்டிருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை சற்று வேறானது.

தோட்டத்துக் கிராணியாரிடம் ஒரு பதிவேடு இருக்கின்றது. இன்னார் இன்ன நிரையில் வெட்டுகிறார், இன்னார் களை எடுக்கிறார் என அதில் எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டின் ஓர் ஏடு கிழிந்துவிட்டால், அதில் பெயருள்ள தொழிலாளர்கள் மறைந்துவிடுவார்களா? மாட்டார்கள். அவர்கள் காட்டில் தத்தம் இடத்தில் வேலை செய்துகொண்டேயிருப்பர். எவர் எங்கே இருக்கின்றார் என்று அலுவலகம் அறிய முடியாமற்போகும், அவ்வளவே.

கோப்புறையும் அத்தகைய ஒரு பதிவேடே. கோப்புகள் வட்டில் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. அவை கிடக்கும் இடத்தைக் கண்டறிய உதவும் குறிப்பே கோப்புறையில் உள்ளது. எனவே கோப்புறை திறக்கவில்லை என்பதற்கும், உள்ளிருந்தவை அழிந்துவிட்டன என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு. பெரும்பாலான வேளைகளில் பொருள் இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும்.

முதல் விதி: கையை நிறுத்துக

பால் வெட்டுவோர் அறிந்த ஓர் உண்மை உண்டு. பட்டையை அளவோடு சீவினால் பால் வரும்; புதுப்பட்டையும் வளரும். அவசரப்பட்டுக் கத்தியை ஆழ இறக்கினால் மரத்தில் காயம் விழும். பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பல ஆண்டுகளுக்கு வெட்டுக்கு உதவாது. கணினியிலும் ஆழ வெட்டுகின்ற கத்திகள் சில உள்ளன. கோப்புறை திறக்காதபோது பின்வருவனவற்றை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

வட்டை ஃபார்மேட் செய்யலாகாது. ஃபார்மேட் என்பது பதிவேட்டை எடுத்துவிட்டு வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பதாகும். "பயன்படுத்துவதற்கு முன் இவ்வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கணினியே கேட்டாலும், வேண்டாம் என்னும் விடையையே தருக.

அந்த வட்டில் புதிய படங்களையோ நிரல்களையோ சேர்க்கலாகாது. அழிந்ததாகத் தோன்றும் கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பல வேளைகளில் வட்டிலேயே இருக்கும். எழுதப்பட்டபின் அதை மீட்க இயலாது.

எல்லாக் கோளாற்றையும் ஒரே சொடுக்கில் தீர்ப்பதாக இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் நிரல்களை இறக்கலாகாது. அவற்றுட் சில தாமே நோய் பரப்புபவை. அவ்வாறே, திரையில் ஒரு தொலைபேசி எண் தோன்றி உடனே அழைக்கும்படி மிரட்டினால் அதையும் பொருட்படுத்த வேண்டா.

இரண்டாம் விதி: உற்று நோக்குக

நோயறியாமல் மருந்து கொடுப்பதில்லை அன்றோ? திரையில் தோன்றிய அறிவிப்பை மூடிவிடுமுன், அதைக் கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொள்க. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளிடம் காட்டிப் பொருளைக் கேட்டறிக. பின்னர் நான்கு கேள்விகளுக்கு விடை காண்க.

திறக்காதது இந்த ஒரு கோப்புறை மட்டுமா, எல்லாமா? அது கணினியின் உள்வட்டில் உள்ளதா, பென் டிரைவில் உள்ளதா? நேற்றுவரை திறந்ததாயின், இடையில் நடந்தது என்ன? மின்சாரம் தடைப்பட்டதா, விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டதா, பென் டிரைவ் வேறோர் இடத்தில் செருகப்பட்டதா? இறுதியாக, வட்டிலிருந்து 'டக் டக்' என்னும் ஓசை எழுகின்றதா?

இந்நான்கனுள் கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், அப்பொழுதே கணினியை நிறுத்திவிடுக. அது வட்டின் பொறி தேய்ந்து பழுதடைவதன் அறிகுறியாகும். ஓடவிட ஓடவிடச் சேதம் மிகும். அதன் மருத்துவம் நம் வீட்டில் இல்லை.

ஓசை ஏதும் இல்லையாயின், கீழ்க்காணும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராயலாம். எளியதிலிருந்து கடியதற்குச் செல்லுதல் நன்று.

காரணம் 1: கணினியின் களைப்பு

எந்தக் கோப்புறையும் திறக்காமல், சுழலும் வட்டமே தோன்றிக்கொண்டிருந்தால், கோப்புறைகளைக் காட்டும் பணியைச் செய்யும் எக்ஸ்புளோரர் என்னும் நிரல் சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்துக. டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் தோன்றும். அதில் விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்பதைத் தேர்ந்து, ரீஸ்டார்ட் என்பதை அழுத்துக. திரை ஒரு கணம் வெறுமையாகிப் பின் தெளியும். இயலவில்லையாயின், கணினியை முறைப்படி நிறுத்தி மீண்டும் தொடங்குக.

படங்களும் காணொளிகளும் நிறைந்த ஒரு கோப்புறை மட்டும் மிகத் தாமதமாகத் திறப்பதுண்டு. ஒவ்வொரு படத்திற்கும் சிற்றுருவம் வரைந்து காட்டக் கணினி முயல்வதே காரணம். அக்கோப்புறையின்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்டீஸ், பின் கஸ்டமைஸ் என்னும் பகுதிகளுக்குச் சென்று, ஜெனரல் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் விரைவு பெறும்.

காரணம் 2: காட்டும் பலகை உண்டு, வீடு இல்லை

திரையில் உள்ள சில உருவங்களின் இடக் கீழ்மூலையில் சிறிய அம்புக்குறி ஒன்று காணப்படும். அது கோப்புறை அன்று. கோப்புறை இருக்கும் இடத்தைக் காட்டும் பலகை. ஷார்ட்கட் என்பது அதன் பெயர். கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றியிருந்தாலும், அது இருந்த பென் டிரைவைக் கழற்றியிருந்தாலும் பலகை நம்மை எங்கும் கொண்டு சேர்க்காது. எக்ஸ்புளோரரின் வலப்புறம் மேலுள்ள தேடும் கட்டத்தில் கோப்புறையின் பெயரை எழுதித் தேடினால், பெரும்பாலும் வேறிடத்தில் நலமாக இருக்கக் காண்போம்.

இதனைப் போன்றதே மேகச் சேமிப்பும். ஒன்டிரைவ் போன்ற சேவைகளில் வைக்கப்பட்ட கோப்பின் அருகே மேகச் சின்னம் காணப்பட்டால், கோப்பின் உள்ளடக்கம் நம் வட்டில் இல்லை. இணையத்தின்வழி அதனைப் பெற வேண்டும். தோட்டத்தில் இணையத் தொடர்பு நலிந்திருக்கும் வேளையில் அது திறவாதது இயல்பே. இணைய வசதி உள்ள இடத்தில் அதன்மீது வலப் பொத்தானை அழுத்தி, இக்கருவியிலேயே எப்போதும் வைத்திரு என்னும் பொருளுடைய ஆங்கில வரியைத் தேர்ந்துவிட்டால் அக்குறை தீரும்.

காரணம் 3: அனுமதி இன்மை

இப்பொழுது அத்தாயாரின் கோப்புறைக்கு வருவோம். விண்டோஸ் தன்னைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீண்ட எண் ஒன்றை வழங்குகின்றது. கோப்புறைக்குரியவர் இன்னார் என்பதைப் பெயரால் அன்றி அவ்வெண்ணாலேயே அது அறிந்து வைக்கின்றது. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, அதே பெயரை நாம் எழுதினாலும் புதிய எண்ணே கிடைக்கும். பெயர் ஒன்றாயினும் எண் வேறாதலால், பழைய கோப்புறை நம்மை அயலாராகக் கருதி வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது. வட்டிலும் குற்றமில்லை; கோப்பிலும் குற்றமில்லை.

பழைய வட்டில் தீய ஓசை ஏதும் எழவில்லை. அதிலிருந்த பிற கோப்புறைகள் தடையின்றித் திறந்தன. ஆதலின் நோய் அனுமதியைப் பற்றியதே என்று தெளிந்தோம். அறிவிப்பின் அடியில் கன்டினியூ, கேன்சல் என இரு பொத்தான்கள் இருந்தன. இதற்குமுன் அம்மகள் ஒவ்வொரு முறையும் அஞ்சிக் கேன்சலையே அழுத்தி வந்திருக்கிறார். "இப்போது கன்டினியூவை அழுத்து, தங்கச்சி" என்றோம். பச்சை நிறக் கோடு ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்தது. சில நிமிடங்களுக்குப்பின் கோப்புறை திறந்தது. சான்றிதழ்களும் இருந்தன, பாடலும் இருந்தது.

அத்தாயார் பாடலை உடனே கேட்கவில்லை. "முதல்ல இன்னொரு எடத்துல எடுத்து வையி" என்றே மகளிடம் கூறினார். கணினி நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கணினியின் நிர்வாகியாக நுழைந்திருப்பவருக்கே இவ்வழி பயன்படும். கன்டினியூவை அழுத்தியும் திறவாத வேளையில், கோப்புறையின் பிராப்பர்டீஸில் செக்கியூரிட்டி, பின் அட்வான்ஸ்டு என்னும் பகுதிக்குச் செல்க. ஓனர் என்னும் பெயருக்கு எதிரே உள்ள சேஞ்ச் என்பதை அழுத்தித் தம் பயனர் பெயரை எழுதுக. உட்கோப்புறைகளுக்கும் உரிமையாளரை மாற்றுவதற்கான சிறு கட்டம் ஒன்று கீழே தோன்றும். அதில் குறியிட்டு, ஓகே என்பதை அழுத்துக.

ஓர் எச்சரிக்கை. இம்முறையை நம் குடும்பக் கோப்புறைகளுக்கு மட்டுமே கையாள வேண்டும். விண்டோஸ் என்றே பெயர் கொண்ட கோப்புறையிலும் பிற அமைப்புக் கோப்புறைகளிலும் கைவைத்தல் கூடாது. விண்டோஸ் விஸ்டா 2007-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வெளியானது முதல், டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ் என்னும் பழைய பெயர், பழைய நிரல்களின் வசதிக்காக நிறுத்தப்பட்ட வெறும் வழிகாட்டியாகவே உள்ளது. அது திறக்காதிருப்பதே முறை, பழுதன்று.

காரணம் 4: பென் டிரைவில் நுழைந்த நச்சு நிரல்

அச்சிடும் கடையிலோ வேறெங்கோ செருகப்பட்ட பென் டிரைவை வீட்டில் திறந்தால், கோப்புறைகள் அனைத்திலும் அம்புக்குறி முளைத்திருக்கக் காணலாம். இது நச்சு நிரல் ஒன்றின் வேலை. அது நம் உண்மையான கோப்புறைகளை மறைத்து வைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிப் பலகைகளை நிறுத்துகின்றது. போலியை இருமுறை சொடுக்கினால் நச்சு நம் கணினிக்குள்ளும் புகும். ஆகவே அம்புக்குறி கண்டவுடன் சொடுக்குதலை நிறுத்துக.

முதலில் விண்டோஸ் செக்கியூரிட்டி என்னும் காவல் நிரலைக்கொண்டு பென் டிரைவைச் சோதிக்கச் செய்க. பின்னர் எக்ஸ்புளோரரின் வியூ என்னும் பகுதியில், மறைந்தவற்றைக் காட்டு என்னும் பொருள்படும் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதில் குறியிடுக. விண்டோஸ் 11-இல் அது வியூவின் கீழ் ஷோ என்னும் உட்பகுதியில் உள்ளது. அப்போதும் தோன்றவில்லையாயின், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்பதில், பாதுகாக்கப்பட்ட இயக்கக் கோப்புகளை மறைக்கும் வரியில் உள்ள குறியைத் தற்காலிகமாக எடுத்துவிடுக. உண்மையான கோப்புறைகள் மங்கிய நிறத்தில் தோன்றும். சில வேளைகளில் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் அவை அனைத்தும் அடைக்கப்பட்டிருக்கும். நம் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறிடத்தில் நகலெடுத்துத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டபின், அந்தப் பென் டிரைவை ஃபார்மேட் செய்யலாம். எடுத்த குறியை மறவாமல் மீண்டும் இடுக. நகல் எடுத்தபின் செய்யும் ஃபார்மேட் மருந்து. எடுக்குமுன் செய்வது நஞ்சு. வேற்றுமை அவ்வளவே.

காரணம் 5: பதிவேட்டில் விழுந்த கிழிசல்

கோப்புறை பழுதடைந்துள்ளது, படிக்க இயலவில்லை என்னும் அறிவிப்பு வந்தால், வட்டின் பதிவேட்டிலேயே கிழிசல் நேர்ந்திருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுதலும், வேலை முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கிவிடுதலும் இதற்குரிய பொதுவான காரணங்கள். கணினியின் உள்வட்டில் உள்ள என்.டி.எஃப்.எஸ். என்னும் அமைப்பு, செய்யவிருக்கும் மாற்றங்களை முன்னரே குறித்து வைத்துக்கொள்வதால் ஓரளவு தானே தேறிக்கொள்ளும். பென் டிரைவுகளில் பெரும்பாலும் அத்தகைய குறிப்பேடு இல்லாததால் அவை எளிதில் கெடுகின்றன.

முதலில் கம்பியையும் செருகும் துளையையும் மாற்றிப் பார்க்கவும். தேய்ந்த கம்பியே காரணமாக அமைவதும் உண்டு. பின்னர் வேறொரு கணினியில் செருகிப் பார்க்கவும். எங்கேனும் திறந்தால், வேறெதையும் செய்யாமல் கோப்புகளை நகலெடுக்கவும். அதன் பிறகே வட்டின் பிராப்பர்டீஸில் டூல்ஸ் என்னும் பகுதியில் உள்ள செக் என்பதை அழுத்திப் பழுது பார்க்கலாம். பழுது பார்க்கும் நிரல், தொடர்பறுந்த கோப்புத் துண்டுகளை ஃபவுண்ட் என்று தொடங்கும் பெயருடைய மறைவான கோப்புறையில் போட்டு வைப்பதுண்டு. துண்டுகளுக்குப் பழைய பெயர் இருக்காது. இதனாலேயே நகலெடுத்தல் முன்னும் பழுதுபார்த்தல் பின்னுமாக அமைய வேண்டும் என்கிறோம்.

காரணம் 6: பூட்டப்பட்ட வட்டும் பிணையாக்கப்பட்ட கோப்பும்

புதிய கணினிகள் சிலவற்றில் வட்டு முழுவதும் இரகசியக் குறியீட்டில் எழுதப்படுகின்றது. கணினி திருடு போனாலும் பிறர் படிக்க முடியாதபடி காப்பது இதன் பயன். பழுதுக்குப்பின் அத்தகைய வட்டு 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கலாம். உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அவ்வெண் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த எண் இல்லையேல் எந்தக் கடைக்காரராலும் திறக்க இயலாது. ஆதலின் இன்றே அதனைக் கண்டறிந்து தாளில் எழுதி வைப்பது அறிவுடைமை.

கொடியது மற்றொன்று. கோப்புறை திறக்கும், ஆனால் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் புதியதொரு வால் முளைத்திருக்கும், ஒன்றும் திறவாது, பணம் கேட்டு ஓர் ஓலை கிடக்கும். இது பிணைப்பணம் கேட்கும் நச்சு நிரல். 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வான்னாகிரை என்னும் இத்தகைய நிரல் உலகெங்கும் பரவி, மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை. அது நுழைந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. அதை உரிய காலத்தில் ஏற்றுக்கொண்ட கணினிகளுக்குள் அத்துளை வழியாக அந்நிரலால் புக முடியவில்லை. இத்தகைய ஓலையைக் கண்டால் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுக, பணம் அனுப்பாதீர். நம் நாட்டில் சைபர்செக்கியூரிட்டி மலேசியா அமைப்பின் சைபர்999 சேவையிடம் முறையிடலாம்.

கடைக்குக் கொண்டுசெல்லும்போது

இவ்வளவும் பயன்படாவிடின் அறிந்தோரின் உதவியை நாடுவதில் இழுக்கில்லை. அருகில் நாடி மையம் இருப்பின் அங்குள்ள அலுவலரிடம் ஆலோசனை கேட்கலாம். கடையில் கொடுக்க நேர்ந்தால், நமக்கு வேண்டியது கணினியா, உள்ளிருக்கும் கோப்பா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்துக. "என் கோப்புகளை எடுத்துத் தந்த பின்னரே பழுது பார்க்க வேண்டும், என் சம்மதமின்றி ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதச் செய்து, ஒரு பிரதியைக் கேட்டு வாங்குக. கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்டறிக. வாய்மொழி மறந்துபோகும், எழுத்து நிற்கும்.

வருமுன் காத்தல்

குடும்பத்தின் முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றாவது வீட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என வைத்துக்கொள்ளலாம். மூன்றும் கெடுவது அரிது. மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று, புதிய கோப்புகளை நகலெடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. வெளிவட்டை எந்நேரமும் கணினியிலேயே செருகி வைத்தலும் கூடாது. கணினிக்கு வரும் நோய் அதற்கும் வரும்.

நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. வானம் இருட்டினால் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுக. பென் டிரைவை எடுக்குமுன் இஜெக்ட் என்பதை அழுத்திய பின்னரே பிடுங்குக. விண்டோஸ் 10-க்கான பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதையே பயன்படுத்துவோர், தம் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று அறிந்தவரிடம் கேட்டுத் தெளிதல் நலம். இவை அனைத்திற்கும் மேலாக, மூலப் பத்திரங்களைத் தகரப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கணினிப் பிரதி துணையே அன்றி மாற்றன்று.

பாடச் சுருக்கம்

நிறுத்துக, நோக்குக, நகலெடுக்குக, அதன்பின் பழுது பார்க்குக. இந்நான்கின் வரிசை மாறலாகாது.

பயிற்சி

இன்றிரவு உணவுக்குப்பின் குடும்பத்தோடு அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள்.

1. நம் வீட்டுக் கணினி இன்று பழுதானால், திரும்பப் பெறவே இயலாத கோப்பு எது?

2. அக்கோப்பின் பிரதி வேறெங்கு உள்ளது?

3. ஃபார்மேட் செய்யலாமா என்று கணினி கேட்டால் நாம் தரவேண்டிய விடை யாது?

4. கோப்புறையின் மூலையில் காணும் சிறிய அம்புக்குறி எதைக் குறிக்கின்றது?

இரண்டாம் வினாவிற்கு விடை கிடைக்கவில்லையாயின், மற்றவற்றை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஒரு கோப்பை இன்னோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.